நைட்ரஜன்-15 கூடினால் வசதியா, பட்டினியா?

#1 ராக்கோழி, இரவு 11:52

வணக்கம். தூக்கம் வராமல் ஒரு அகழாய்வுக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய இடுகாடு ஒன்று. அங்கே கிடைத்த ஒன்றரை வயதுக் குழந்தையின் விலா எலும்பில், பக்கத்தில் புதைந்திருந்த பெரியவர்களைவிட நைட்ரஜன்-15 கூடுதலாக இருந்ததாம். உடனே "இறைச்சியும் மீனும் தாராளமாகக் கிடைத்த வசதியான வீட்டுப் பிள்ளை" என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு இடிக்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை எவ்வளவு இறைச்சி தின்றிருக்கும்? முதலில், எலும்பைப் பார்த்துச் சாப்பாட்டைச் சொல்வது எப்படி? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் புரியும்படி எழுதுங்கள். நான் பத்தாம் வகுப்பு வேதியியலோடு நின்றவன்.

#2 சந்தேகசாமி, காலை 6:10

எலும்பு ஜோசியம். கைரேகைக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

#3 மண்வெட்டி, காலை 8:35

சாமி, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா! இருங்கள், முதலில் ராக்கோழிக்குப் பதில். நான் ஒரு ஆய்வகத்தில் சில வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன்.

ஒரே தனிமத்தின் அணுக்களில் சில எடை கூடியவை. கார்பனில் நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் கார்பன்-13, மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் கார்பன்-12. நைட்ரஜனில் சுமார் 0.37 சதவீதம் நைட்ரஜன்-15. இவை கதிரியக்கமில்லாதவை. கார்பன்-14 போல நாளாக நாளாகக் கரைந்து போவதில்லை. அதனால்தான் 'நிலையான' ஐசோடோப்பு. உடம்பும் செடியும் கனமான அணுவையும் லேசான அணுவையும் ஒரே மாதிரி கையாளுவதில்லை. மிக நுணுக்கமான வேறுபாடு, ஒரு பொது ஒப்பீட்டு மாதிரியோடு வைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் எண்ணுவோம். மைனஸ் என்றால் அந்த மாதிரியைவிடக் கனமான அணு குறைவு. அதற்குப் 'பெர் மில்' என்று பெயர்.

கார்பனில் செடிகள் இரண்டு கட்சி. கோதுமை, நெல், கிழங்கு, பெரும்பாலான மரங்கள் எல்லாம் சி3 வகை, மதிப்பு சுமார் மைனஸ் 27. மக்காச்சோளம், கரும்பு, பல சிறுதானியங்கள் சி4 வகை, சுமார் மைனஸ் 12. இரண்டு குவியலும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. சி3 மட்டும் தின்றவரின் எலும்புப் புரதம் மைனஸ் 20 பக்கம் நிற்கும். மக்காச்சோளம் ஏற ஏற அந்த எண்ணும் மேலே வரும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமே வேடிக்கை. கார்பன்-14 முறையில் வயது கணிக்கும்போது மக்காச்சோளம் மட்டும் கூடவே கிடைத்த கரியைவிட ஓரிரு நூற்றாண்டு இளமையாக வந்து தொல்லை கொடுத்தது. காரணம் தேடியபோதுதான் அந்தச் செடி கனமான கார்பனைச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வது தெரிந்தது. தொல்லையாக இருந்ததையே 1977இல் ஃபோகலும் வான் டெர் மெர்வேயும் கருவியாக்கினார்கள். நியூயார்க் பகுதியின் பழைய எலும்புகளில் மக்காச்சோளம் எப்போது உணவில் நுழைந்தது என்று காட்டினார்கள்.

நைட்ரஜன் வேறு கதை. தின்பதும் தின்னப்படுவதுமான சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜன்-15 மூன்றிலிருந்து ஐந்து பெர் மில் கூடும். புல்லைவிட ஆட்டில் அதிகம், ஆட்டைவிட ஓநாயில் அதிகம். கடலில் இந்தச் சங்கிலி நீளம் என்பதால் பெரிய மீன் தின்பவர்கள் இன்னும் மேலே போவார்கள். காணொளிக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒரு நூலைத்தான். தவறான நூல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் மேலே போக வேறு வழிகளும் உண்டு.

#4 ராக்கோழி, காலை 9:02

அருமை அண்ணே. ஆனால் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எலும்புக்குள்ளிருந்து எப்படி எடுக்கிறார்கள்? மண்ணுக்குள் கிடந்ததில் மண்ணின் நைட்ரஜனும் ஏறியிருக்காதா?

#5 மண்வெட்டி, காலை 11:20

நல்ல கேள்வி. பாதிப் பேர் இதைக் கேட்பதில்லை.

அரை கிராம் எலும்புத் துண்டு போதும். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்போம். கால்சியமெல்லாம் கரைந்து போக நாள் கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வாரங்கள். கடைசியில் குழாயில் மிஞ்சுவது எலும்பின் அதே வடிவத்தில், கண்ணாடி போல ஒளி புகும் மெத்தென்ற ஒரு துண்டு. இடுக்கியால் பிடித்தால் ரப்பர் மாதிரி வளையும். முதல் தடவை பார்க்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுதான் கொலாஜன், நான் முன்னே சொன்ன எலும்புப் புரதம்.

அதை லேசான அமில நீரில் சுமார் 70 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் ஜெலட்டினாகக் கரைந்துவிடும். வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு. அதில் அரை மில்லிகிராம் அளந்து, கடுகளவு வெள்ளீயக் குப்பியில் அடைத்து மடிக்க வேண்டும். நிலைமின்சாரத்தில் அந்தப் பஞ்சு இடுக்கியைவிட்டுத் துள்ளி ஓடும். மாஸ்க்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்த நாட்கள் உண்டு. பிறகு சுமார் ஆயிரம் டிகிரியில் எரித்து, வரும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் காந்தப்புலத்தின் வழியே வளைத்து, 44 எடையுள்ள கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, 45 எவ்வளவு என்று பிரித்து எண்ணுவார்கள். நைட்ரஜனுக்கு 28, 29.

மண் கலப்பைப் பிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கொலாஜனில் கார்பன், நைட்ரஜன் அணுக்களின் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று 1985இல் டெனீரோ வரையறுத்தார். வெளியே போனால் மாதிரியைத் தூக்கிப் போடு, அவ்வளவுதான். எவ்வளவு கொலாஜன் தேறியது என்பதையும் பார்ப்போம். புது எலும்பில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன். ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் நம்பிக்கை வைக்க முடியாது. வெப்பமும் ஈரமுமான மண்ணில் பல சமயம் ஒன்றுமே தேறாது.

ஒரு தடவை வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில் ஆறு குழாய்களைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே விட்டுவிட்டேன். திங்கள்கிழமை வந்து பார்த்தால் நான்கில் வெறும் மஞ்சள் தண்ணீர். அந்த நான்கு பேரும் அத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்தவர்கள். என்னிடம் மூன்று நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

#6 சந்தேகசாமி, பகல் 12:47

சரி, எண் சரியாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அர்த்தம் சரியா? இரண்டு விஷயம்.

ஒன்று, எரு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமைச் சோதனை நடக்கிறது. ஆண்டாண்டாகத் தொழு உரம் போட்ட பாத்தியின் கோதுமையில் நைட்ரஜன்-15 நன்றாகவே கூடியிருக்கிறது. அப்படியானால் எருப்போட்ட தானியத்தை மட்டும் தின்ற ஏழை விவசாயியும் இறைச்சி தின்ற பிரபுவும் உங்கள் கருவிக்கு ஒன்று. இதை 2007இலேயே எமி போகார்டும் கூட்டாளிகளும் எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு, நியாண்டர்தால்கள், அழிந்துபோன பழைய மனித இனம். அவர்கள் எலும்பில் ஓநாய், கழுதைப்புலி அளவுக்கு நைட்ரஜன்-15. உடனே 'இறைச்சி தவிர வேறெதையும் தொடாத வேட்டைக்காரர்கள்' என்று வருடக்கணக்காகப் படம் காட்டினார்கள். 2025இல் வேறொரு குழு கேட்டது: அழுகிய இறைச்சியோடு அதிலிருந்த புழுவையும் தின்றிருந்தால்? அந்தப் புழுக்களில் நைட்ரஜன்-15 தாறுமாறாக ஏறியிருப்பதை அளந்தும் காட்டியது. ஓநாயா, புழுவா என்று கருவிக்குத் தெரியாது. நான் சொன்னது இதைத்தான்.

#7 மண்வெட்டி, பகல் 1:30

சாமி, ஜோசியக்காரருக்கு இவ்வளவு ஆதாரம் தேடிப் படித்திருக்கிறீர்களே! இரண்டும் நியாயமான அடி. மறுக்க மாட்டேன்.

இதற்காகத்தான் மனித எலும்பை மட்டும் தனியாக அளந்து முடிவு சொல்லக் கூடாது. அதே இடத்து, அதே காலத்து மாடு, ஆடு, பன்றி, மீன் எலும்புகளையும், கருகிய தானியம் கிடைத்தால் அதையும் அளக்க வேண்டும். மனிதருக்கும் அந்த ஊர் மாட்டுக்கும் உள்ள இடைவெளிதான் பேசும், தனி எண் பேசாது. மாட்டெலும்பு ஒன்றுகூடச் சோதிக்காமல் 'இறைச்சி அதிகம்' என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். எரிச்சல்தான் வரும்.

இப்போது கொலாஜனை மொத்தமாக அளக்காமல் அமினோ அமிலம் அமினோ அமிலமாகப் பிரித்தும் பார்க்கிறார்கள். ஃபீனைல்அலனின் சங்கிலியின் அடிமட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டும், குளூட்டாமிக் அமிலம் படிக்குப் படி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் எருவின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

#8 வெண்பல், மாலை 4:15

நான் பல் மருத்துவர். இந்தத் துறை இல்லை, ஆனால் பல் என்றால் விட மாட்டேன்.

ராக்கோழி தம்பி, உங்கள் இடித்தல் சரியான இடித்தல். பால் குடிக்கும் குழந்தை அம்மாவின் உடம்பிலிருந்து தின்கிறது. அப்படியானால் உணவுச் சங்கிலியில் அது அம்மாவுக்கு ஒரு படி மேலே. 1989இல் உயிரோடிருக்கும் தாய்மார், குழந்தைகள் நகத்தை வெட்டியெடுத்து அளந்தார்கள். பால்குடிக் குழந்தைகளில் தாயைவிட இரண்டு மூன்று பெர் மில் கூடுதல். பால் மறந்த பிறகு மெல்ல இறங்கி அம்மாவோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒன்றரை வயதில் நைட்ரஜன் கூடுதல் என்றால் என் முதல் ஊகம் தாய்ப்பால். இறைச்சி அல்ல.

ஆனால் தலைப்பில் பட்டினி என்று எழுதினீர்களே, தெரிந்து எழுதினீர்களா, வாய்க்கு வந்ததா? அதுதான் இதில் முக்கியமான விஷயம். சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் தசையையே உடைத்துத் தின்னும். சிறுநீரில் லேசான நைட்ரஜன் முதலில் வெளியேறும், கனமானது உள்ளே தங்கும். அதனால் பட்டினி கிடப்பவர் தன்னையே தின்று சங்கிலியில் ஒரு படி மேலே ஏறியதுபோல் கணக்கு காட்டும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கடுமையான வாந்தியில் வாடிய பெண்களின் தலைமுடியில் இது தெரிந்திருக்கிறது, 2005இல் வந்த ஆய்வு. பசியின்மை நோயாளிகளின் முடியிலும் அடுத்த ஆண்டு பார்த்தார்கள். விருந்து சாப்பிட்டவரும் வயிறு காய்ந்தவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

பிரித்தறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி பல். எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பெரியவரின் தொடை எலும்பு பத்தாண்டுக்கு மேற்பட்ட சராசரி. டென்டின், அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் உள்பகுதி, அப்படியல்ல. ஒரு தடவை படிந்தால் படிந்ததுதான். நிரந்தர முதல் கடைவாய்ப்பல் பிறந்த நேரத்தில் தொடங்கி, வேர் நுனி முடிய ஒன்பது பத்து வயதாகும். பல்லை நெடுக்காக அறுத்து, கால்சியத்தைக் கரைத்து, மிச்சமுள்ள மெத்தென்ற துண்டை மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டினால் ஒவ்வொரு கீற்றும் ஏறக்குறைய ஒன்பது மாத வாழ்க்கை.

அயர்லாந்துப் பஞ்சத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். 1845இல் உருளைக்கிழங்கு நோயில் அழிந்தது. கில்கெனி நகரின் ஏழைகள் விடுதியில் 1847க்கும் 1851க்கும் இடையில் இறந்தவர்கள், குறைந்தது 970 பேர், அந்த வளாகத்திலேயே குழி குழியாகப் புதைக்கப்பட்டார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள். ஜூலியா போமாண்டும் ஜேனட் மாண்ட்கோமரியும் அவர்களில் சிலருடைய பற்களைக் கீற்றாக வெட்டினார்கள். உருளைக்கிழங்கு சி3. நிவாரணமாக வந்த மக்காச்சோள மாவு சி4, அந்த நாட்டு ஏழைகளின் அன்றாடச் சாப்பாட்டில் அதுவரை அப்படியொரு பயிர் அநேகமாக இருந்ததில்லை. அதனால் பல்லில் கார்பன் திடீரென்று எந்தக் கீற்றில் ஏறுகிறதோ அங்கேதான் நிவாரணம் வாய்க்கு வந்தது. அதற்கு முந்தைய கீற்றுகளில் நைட்ரஜன் ஏறிக் கிடக்கிறது. மக்காச்சோளம் வந்ததும் நைட்ரஜன் இறங்குகிறது.

வசதியான உணவு என்று படித்திருந்தால் தலைகீழாகப் போயிருக்கும். மேலே இருந்தது பசி, இறங்கியது சோறு. அந்தப் பற்களில் சிலவற்றுக்கு அடுத்த கீற்று இல்லை.

#9 ராக்கோழி, மாலை 4:40

அக்கா, தலைப்பை வாய்க்கு வந்தபடிதான் எழுதினேன். 'கிடைத்த'வனா 'கிடைக்காத'வனா என்று விளையாட்டாக. இப்போது விளையாட்டாக இல்லை.

#10 கணக்குப்பிள்ளை, மாலை 6:05

எல்லாம் சரி, யாரும் எண்ணிக்கையைப் பேசவில்லை. கருவியின் பிழை சுமார் 0.2 பெர் மில். சில கட்டுரைகளில் 0.3 வித்தியாசத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம். அது பிழையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, போய் வேறு வேலை பாருங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இன்னொன்று, இன்றைய ஆளோடு ஒப்பிடும்போது மறந்துபோகும் விஷயம். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்துக் காற்றின் கார்பனையே லேசாக்கிவிட்டோம், தொழிற்புரட்சிக்கு முன்பைவிட இரண்டு பெர் மில் அளவுக்கு. அதைத் திருத்தாமல் பழையவரையும் இன்றையவரையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு புளித்துவிடும்.

பாராட்டும் சொல்ல வேண்டும். இத்தாலியின் பழைய ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்தில் கி.பி. 79 எரிமலையில் ஒரே நேரத்தில் இறந்த 17 பெரியவர்களை அமினோ அமில முறையில் அளந்தார்கள். ஆண்களுக்குப் பெண்களைவிடக் கடலுணவுப் புரதம் கணிசமாக அதிகம். சின்ன எண்ணிக்கைதான், ஆனால் எல்லாரும் ஒரே நாளில் போனவர்கள். வேறெந்த இடுகாட்டிலும் இது வாய்க்காது. வழக்கமான இடுகாடு என்பது நூறு இருநூறு வருடத்தின் கலவை.

#11 சந்தேகசாமி, இரவு 7:22

அயர்லாந்து விஷயம் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், அது ஜோசியம் இல்லை. எந்த ஆண்டு என்ன மாவு வந்தது என்று காகிதம் இருந்தது, பல் அதற்குச் சாட்சி சொன்னது. காகிதம் இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்?

ஆல்ப்ஸ் பனியில் உறைந்த நிலையில் 1991இல் கிடைத்த பழங்கால மனிதர் ஏட்ஸி ஞாபகம் இருக்கிறதா? முடியின் ஐசோடோப்பை வைத்து, பெரும்பாலும் தாவர உணவுக்காரர் என்று ஒரு குழு சொன்னது. பிறகு வயிற்றைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே மலையாட்டின் கொழுப்பும் மானிறைச்சியும் கோதுமை வகை ஒன்றும். பூந்தோட்டத்துச் சாமியார் என்று நினைத்த ஆள் கடைசியில் நல்ல கவிச்சி பிரியர்.

#12 வெண்பல், இரவு 8:10

சாமி, அதில் ஒரு ஓட்டை. முடி மாதக்கணக்கின் சராசரி, வயிறு ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டியதில்லை. ஆனால் 'தாவர உணவுக்காரர்' என்ற வார்த்தை அவசர வார்த்தைதான், அதை நானும் காப்பாற்றப் போவதில்லை.

முடி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது தென் அமெரிக்காவின் யூயையாக்கோ எரிமலை. 6,739 மீட்டர் உயரம், 1999இல் உச்சிக்குப் பக்கத்தில் இன்காக்கள் பலிகொடுத்த மூன்று பிள்ளைகள் உறைந்து கிடைத்தார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், வேரிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் நாட்குறிப்பு. இறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன் அவள் உணவு சட்டென்று மாறுகிறது. எளிய கிழங்கு உணவு போய் மக்காச்சோளமும் இறைச்சியும். அங்கே மக்காச்சோளம் பெரிய இடத்துச் சாப்பாடு. அப்போதே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இங்கே நைட்ரஜன் ஏறியது வசதிதான். அதை வசதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

#13 நிழல்மரம், இரவு 9:01

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பல்லை அறுப்பது, எலும்பைக் கரைப்பது என்று சாதாரணமாகப் பேசுகிறீர்கள். அவை யாரோ ஒருவருடைய பிள்ளைகள். யாரிடம் கேட்டார்கள்?

#14 மண்வெட்டி, இரவு 9:48

கேட்காமல் செய்த காலம் நிறைய. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் எலும்புகளையும் கல்லறைப் பொருட்களையும் அவர்களுக்கே திருப்பித் தர 1990இல் சட்டம் வந்தது. வழித்தோன்றல்கள் ஒப்பாமல் தொடக் கூடாது என்ற எண்ணம் இப்போது பரவலாகியிருக்கிறது. வழித்தோன்றல் யாரென்றே தெரியாத இடத்தில் இன்னும் மங்கல்தான்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவு: வெட்டுவதற்கு முன் படம், அளவு, அச்சு எடுத்துவை. ஒரே துண்டிலிருந்து எத்தனை சோதனை முடியுமோ அத்தனையும் செய். 'சும்மா பார்ப்போம்' என்று ஒரு பல்லையும் தொடாதே. முன்னே சொன்ன நான்கு குழாய்களுக்குப் பிறகு இது எனக்கு உபதேசமாகப் படவில்லை.

#15 ராக்கோழி, இரவு 10:30

சரி, என் குழந்தைக்குத் திரும்புகிறேன். என் குழந்தை என்றே ஆகிவிட்டது. விலா எலும்பு ஒன்றை மட்டும் வைத்துப் பால்குடியா, பசியா, இறைச்சியா என்று சொல்ல முடியுமா முடியாதா?

#16 வெண்பல், இரவு 10:52

முடியாது. விலா ஒரே ஒரு எண். தாய்ப்பால்தான் அதிக வாய்ப்பு, அதற்கு மேல் ஊகம்.

பால் கடைவாய்ப்பல் இருந்தால் நிலைமை வேறு. அதன் டென்டின் அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே படியத் தொடங்கிவிடும், நடுக் கர்ப்பத்தில். பிறந்த நேரத்தில் ஒரு கோடு விழும், நுண்ணோக்கியில் தெரியும். கோட்டுக்கு முந்தைய பகுதி பிள்ளையுடையது என்பதைவிட அம்மாவுடையது. அங்கே நைட்ரஜன் தாழ்வாக இருந்து, பிறந்த பிறகு ஏறியிருந்தால் நன்றாகப் பால் குடித்த பிள்ளை. பிறப்பதற்கு முன்பே ஏறியிருந்தால் கர்ப்பத்தில் பட்டினி கிடந்த அம்மாவாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து இறங்கிவந்து கடைசிக் கீற்றில் மறுபடி ஏறினால், கடைசி நாட்களில் நோயோ பசியோ. ஒன்றரை வயதில் வேர் பாதிதான் வளர்ந்திருக்கும், ஆனால் இறந்த நாள் வரை எழுதியிருக்கும்.

#17 கணக்குப்பிள்ளை, இரவு 11:04

கூடவே அந்த ஊர் மாட்டெலும்பு.

#18 ராக்கோழி, இரவு 11:41

காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினான்காவது நிமிடத்தில் கேமரா ஒரு நொடி தாடைப் பக்கம் போகிறது. கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் வெளியே தெரிகிறது, பின்னால் இன்னொன்று குழிக்குள். அறுத்த மாதிரி இல்லை. முழுசாக இருக்கிறது.